அணைத்த பிறகும் ஓடும் மின்மீட்டர்

“விளையாடி முடித்து அணைத்துவிட்டால் கன்சோல் மின்சாரம் எடுக்காது.”

எப்படி அணைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. எக்ஸ்பாக்ஸில் ‘ஸ்லீப்’ நிலை 10 முதல் 15 வாட் வரை இழுத்துக்கொண்டே இருக்கும். ‘ஷட்டவுன்’ நிலைக்கு அரை வாட் போதும். நாளொன்றுக்கு 20 மணி நேரம், 12 வாட் என்று கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 87 யூனிட் தாண்டுகிறது, யாரும் விளையாடாமலேயே. அப்டேட் நின்றுபோகுமோ என்று பயப்பட வேண்டாம். ஷட்டவுனிலும் அது இறங்கும். மறுபடி போடும்போது சில விநாடிகள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட், சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் கன்சோல்களைத் தானே இந்தச் சிக்கன நிலைக்கு மாற்றத் தொடங்கியது. மரம் நடும் விளம்பரங்களைவிட இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். செட்டிங்ஸ் பக்கமே போகாதவர் வீட்டிலும் இது மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது.

“டிஸ்க்கைவிட டவுன்லோடுதான் சூழலுக்கு நல்லது.”

பிளாஸ்டிக் இல்லை, லாரி இல்லை என்பதால் அப்படித் தோன்றும். ஆனால் 2010-ஆம் ஆண்டு பிரிட்டன் நிலவரத்தை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வில், 8.8 ஜிபி அளவுள்ள பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக்குக் கடையில் வாங்கிய டிஸ்க்கின் கார்பன் சுமையே குறைவாக இருந்தது. அதன் பிறகு ஒரு ஜிபியை அனுப்ப இணையத்துக்கு ஆகும் மின்சாரம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. விளையாட்டுகளோ 100 ஜிபியைத் தாண்டி வீங்கிவிட்டன. எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் ஒற்றைப் பதில் இதில் கிடையாது.

“கம்பெனிகள் தாமாகவே திருந்திவிடும், சட்டம் எதற்கு?”

2001 டிசம்பர், கிறிஸ்துமஸ் விற்பனை நேரம். சோனியின் சுமார் 13 லட்சம் பிஎஸ் ஒன் கன்சோல்களை நெதர்லாந்து அதிகாரிகள் தடுத்து நிறுத்தினார்கள். கேபிள்களில் காட்மியம் அந்நாட்டு வரம்பை மீறியிருந்தது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் உலோகம் அது. கேபிளை மாற்றியதோடு சோனி நிற்கவில்லை. உதிரிபாகம் தருபவர்கள் என்னென்ன பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று சோதித்துச் சான்றளிக்கும் ‘கிரீன் பார்ட்னர்’ முறையைக் கொண்டுவந்தது. 2006 ஜூலை 1 முதல் ஈயம், பாதரசம், காட்மியம் உள்ளிட்ட 6 பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் கட்டுப்பாடு வந்தது. ஒரு சின்ன நாடு தன் சட்டத்தில் உறுதியாக நின்றதால்தான் உலகம் முழுக்க விற்கும் ஒரு நிறுவனம் தன் வழியை மாற்றிக்கொண்டது.

கேபிளில் உள்ள நஞ்சு விளையாடுகிறவரைத் தொடுவது அரிது. செம்புக்காக ஒயரை எரிக்கும் காயலான் கடைத் தொழிலாளியின் நெஞ்சுக்குள்தான் அந்தப் புகை போகிறது. 2022-இல் உலகில் சேர்ந்த 6.2 கோடி டன் மின்னணுக் கழிவில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள இந்திய மின்னணுக் கழிவு விதிகள் வீடியோ கேம் கருவிகளையும் சேர்த்து, மறுசுழற்சிப் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது வைக்கின்றன. அடுத்த கன்சோல் வாங்கும்போது, பழையதை எங்கே ஒப்படைப்பது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால் தயாரித்த நிறுவனத்துக்கே எழுதிக் கேளுங்கள்.