காந்தத்தைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள்

கேள்வி: நீலமும் ஆரஞ்சும் பூசிய ஃபோர்டு ஜிடி40 ஸ்லாட் கார் (தடத்துப் பள்ளத்தில் மின்சாரத்தால் ஓடும் மாதிரிக் கார்), 1:32 அளவில் வாங்கியிருக்கிறேன். அது நல்ல கார்தானா என்று எப்படி எடைபோடுவது?

பதில்: முதலில் உயரத்தை அளந்துவிடுங்கள். அசல் கார் சுமார் 40 அங்குல உயரம்தான். பெயரிலுள்ள 40 அதுதான். உங்களுடையது 3.2 சென்டிமீட்டரை ஒட்டி வர வேண்டும். மோட்டாருக்கு இடம்விட உடலைத் தூக்கியிருந்தால் அந்தப் பதுங்கிய அழகு போய்விடும். காரின் பந்தய எண்ணையும் பாருங்கள். 1968 லெ மான் பந்தயத்தில் அசல் கார் வென்றபோது 9, அதே கார் 1969இல் மீண்டும் வென்றபோது 6. வண்ணம் பிசிறில்லாமல் இருந்தால் போதும்.

ஓட்டம்தான் முக்கியம். அடியிலுள்ள காந்தம் தடத்தின் உலோகப் பட்டைகளைப் பிடித்துக்கொண்டு எந்தக் காரையும் வளைவில் காப்பாற்றிவிடும். காரின் குணத்தை மறைத்தும்விடும். அதைக் கழற்றுங்கள். கண்ணாடிப் பலகையில் வைத்தால் நான்கு சக்கரங்களும் படிய வேண்டும். பின் டயர் முழு வட்டமாக இல்லாவிட்டால் வேகத்தில் கார் துள்ளும். மெல்லிய உப்புத்தாளில் சுழலவிட்டுத் தேய்த்தால் சரியாகும். உடலைப் பிடிக்கும் திருகுகளைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள், அதிர்வு குறையும். மின்சாரம் எடுக்கும் செம்புப் பின்னல்கள் பட்டையில் சமமாகப் படிந்திருக்கட்டும்.

இப்போது வளைவில் விடுங்கள். நல்ல கார் வாலை மெதுவாக வெளியே வீசும். கையிலுள்ள விசையைச் சற்றுத் தளர்த்தினால் நேராகிவிடும். முன்னறிவிப்பின்றித் தடத்தின் பள்ளத்திலிருந்து எகிறினால், முன்பக்கம் அடியில் சிறிது ஈயம் ஒட்டிப் பாருங்கள்.