மலை ஏறும்போது மிஸ்ஸிங்: டர்போ பெட்ரோல் காருக்கு முழுமையான வழிகாட்டி

களமருதூரிலிருந்து கள்ளக்குறிச்சி வரை சமதளம். வண்டியில் எந்தக் குறையும் தெரியாது. கச்சிராயபாளையம் தாண்டி, வெள்ளிமலைக்கு ஏறத் தொடங்கியதும் இன்ஜின் ஜெர்க் அடிக்கிறது, பிக்கப் விழுகிறது, மஞ்சள் இன்ஜின் விளக்கு மின்னுகிறது. இறங்கி வந்து மெக்கானிக்கிடம் விட்டால், வண்டி அங்கே ஒழுங்காக ஓடிக் காட்டுகிறது. பிறகு குத்துமதிப்பாக ஒவ்வொரு பாகமாக மாற்றுவார்கள். அந்தச் செலவு தேவையே இல்லை. முறையாகத் தேடினால் மிஸ்ஸிங் எனப்படும் இந்தக் குறையைப் பெரும்பாலும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

இந்த வழிகாட்டி நெக்ஸான், வென்யூ, டைகுன் போன்ற டர்போ பெட்ரோல் கார்களுக்கானது. டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அதற்கு வழி வேறு.

ஏன் ஏற்றத்தில் மட்டும்?

சமதளத்தில் சீராகப் போகும்போது சிலிண்டருக்குள் போகும் காற்றின் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. நெருக்கமான காற்றின் ஊடே பொறி தாவ அதிக வோல்டேஜ் வேண்டும். தேய்ந்த பிளக்கும், அதற்கு வோல்டேஜ் தரும் களைத்த காயிலும் சமதளத்தில் சமாளித்துவிடும். டர்போ அழுத்தம் (பூஸ்ட்) ஏறியதும் தோற்றுவிடும். நிறுத்தி வைத்த வண்டியில் தேடினால் குறை பிடிபடாமல் போவது இதனால்தான்.

முதலில்: விளக்கு மின்னினால்

நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு வரலாம். விட்டுவிட்டு மின்னினால் உடனே ஆக்சிலரேட்டரைத் தளர்த்துங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கும். பிளக், காயிலைவிட அது பல மடங்கு விலை. தளர்த்தியும் மின்னுவது நிற்காவிட்டால் ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள்.

படி 1: ஸ்கேன் போடுங்கள்

ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் சிறிய புளூடூத் ஸ்கேனரைச் செருகி செல்போனில் பிழைக் கோடை (குறியீட்டை) படிக்கலாம். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. பி0300 வந்தால் குறை ஒரு சிலிண்டரோடு நிற்கவில்லை. பெட்ரோல், காற்று, சென்சார் பக்கமும் தேட வேண்டும். கூடவே பி0299 இருந்தால் டர்போ அழுத்தம் குறைகிறது என்று பொருள்.

கோடை அழிக்க அவசரப்படாதீர்கள். ஃப்ரீஸ் ஃபிரேம் என்ற பகுதியில், குறை நடந்த நொடியில் ஆர்பிஎம், லோடு, இன்ஜின் சூடு எவ்வளவு என்பது பதிவாகியிருக்கும். அதைப் படம் எடுத்து வையுங்கள். அழித்தால் அந்தச் சாட்சியும் போய்விடும்.

படி 2: கண்ணால் பாருங்கள்

நெல்லும் கரும்பும் சூழ்ந்த ஊரில் எலிக்குப் பஞ்சமில்லை. நிறுத்திய வண்டியின் சூட்டுக்கு பானட்டுக்குள் ஏறி ஒயரைக் கடிக்கும். காயில், இன்ஜெக்டர் ஒயர்களை முனையிலிருந்து முனைவரை டார்ச் அடித்துப் பாருங்கள். இன்ஜின் மேல் எலிப்புழுக்கை கிடந்தால் இன்னும் கவனமாகத் தேடுங்கள்.

அடுத்து, சமீபத்தில் வாட்டர் சர்வீஸ் விட்டீர்களா? பிரஷரில் அடித்த தண்ணீர் பிளக் குழிக்குள் தேங்கினால் மறுநாளே மிஸ்ஸிங் வரும். அதே குழியில் ஆயில் நின்றால் வால்வு கவர் பேக்கிங் கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் காயிலை மட்டும் மாற்றினால் புதுக் காயிலும் ஆயிலில் ஊறும்.

படி 3: இடம் மாற்றிப் பாருங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் உயிர். கோடு பி0301 என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் ஆறிய பிறகு, இக்னிஷனை அணைத்து, முதல் சிலிண்டர் காயிலை இரண்டாவதிலும் இரண்டாவதை முதலிலும் மாட்டுங்கள். கோடை அழித்து அதே ஏற்றத்தில் ஓட்டுங்கள். கோடு பி0302 ஆனால் குற்றவாளி காயில். பி0301 ஆகவே நின்றால் காயில் நல்லது. அடுத்து பிளக்கை இதேபோல் மாற்றுங்கள். காசு செலவில்லாமல் கிடைக்கும் விடை இது. இன்ஜின் ஓடும்போது காயிலைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள்: ஷாக் அடிக்கும், கன்வெர்ட்டரும் கெடும்.

பிளக்கைக் கழற்றும்போது வெள்ளைப் பீங்கானைப் பாருங்கள். மெல்லிய கறுப்புக் கோடு நீளவாக்கில் ஓடினால் பொறி வெளிப்பக்கமாக வழிந்திருக்கிறது. அப்போது பிளக்கோடு காயிலின் ரப்பர் பூட்டையும் மாற்றுங்கள். ரப்பரில் பதிந்த தடம் புது பிளக்கையும் கெடுக்கும். டர்போ இன்ஜின்களில் பிளக் இடைவெளி குறைவு, பெரும்பாலும் 0.7 அல்லது 0.8 மி.மீ. உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் அளவே சரி. அதே பார்ட் நம்பர் பிளக்கையே வாங்குங்கள். டர்போ இல்லாத மாடலின் பிளக் மரையில் பொருந்தினாலும் வேண்டாம். முறுக்க டார்க் ஸ்பேனர் பயன்படுத்துங்கள். அலுமினிய ஹெட்டில் மரை போனால் பெரிய வேலை.

படி 4: காற்றுக் கசிவு

டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக இன்ஜினுக்குப் போகும் ஓஸ்களைத் தடவிப் பாருங்கள். கிளிப் தளர்ந்த இடத்தில் ஆயில் ஈரமும் புழுதியும் ஒட்டியிருக்கும். ஏற்றத்தில் மட்டும் 'புஸ்' என்ற சத்தம் கேட்டால் பெரும்பாலும் இங்கேதான் கசிவு. ஏர்ஃப்ளோ மீட்டர் உள்ள வண்டியில், அளந்த காற்று வழியிலேயே போய்விடுவதால் பெட்ரோல் மிகுந்து மிஸ்ஸிங்கும் கரும்புகையும் வரும். அழுத்தத்தை அளக்கும் சென்சார் மட்டும் உள்ள வண்டியில் பெரும்பாலும் இழுவைதான் குறையும்.

படி 5: எங்கே நிறுத்த வேண்டும்

இதுவரை விடை கிடைக்காவிட்டால் மிச்சம் இன்ஜெக்டர், வால்வில் கரி, கம்ப்ரஷன். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் பெட்ரோல் வால்வின் மேல் படாததால் அங்கே கரி சேரும். அந்த இன்ஜினின் பெட்ரோல் குழாயை வீட்டில் கழற்றவே கூடாது. உள்ளே 100 பாருக்கு மேல் அழுத்தம், தோலைத் துளைத்துவிடும். ஒர்க்‌ஷாப்பில் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். எல்லா சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க

கோடை அழித்துவிட்டு அதே ஏற்றத்துக்குப் போங்கள். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் செல்போனைப் பார்க்கட்டும். மூன்றாவது கியரில், 2,000 ஆர்பிஎம்முக்கு மேல், ஆக்சிலரேட்டரைச் சீராக மிதித்து ஏறுங்கள். விளக்கு எரியாவிட்டாலும் ஸ்கேனரில் 'பெண்டிங்' (இன்னும் உறுதியாகாத கோடுகள்) பகுதியைத் திறந்து பாருங்கள். அங்கே மறுபடி பி0301 இருந்தால் படி 3-க்குத் திரும்புங்கள்.