ஒரே உலை, வெவ்வேறு அளவு

உடல் எடையைக் குறைக்க விரும்பும் ஒருவர், வீட்டார் உண்ணும் உணவை விட்டுவிட்டுத் தனியே சமைத்து உண்ண வேண்டுமா? வேண்டியதில்லை என்பதை எளிய கணக்கு ஒன்றின் மூலம் அறியலாம்.

உணவு நம் உடலுக்கு எரிபொருள். அதன் ஆற்றலைக் கலோரியில் அளக்கிறோம். உணவியலில் ஒரு கலோரி என்பது ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான வெப்பம். அதாவது ஏறத்தாழ 4,184 ஜூல். ஒரு கிராம் மாவுப்பொருளோ புரதமோ சுமார் 4 கலோரி தருகிறது. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருகிறது. இந்த அளவுகளை வகுத்தவர் அமெரிக்க அறிவியலார் அட்வாட்டர் (1844–1907).

கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கம் 50 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் 500 மீட்டர் உயரம் ஏறுவதாகக் கொள்வோம். அவர் செய்யும் வேலை:

50 × 9.8 × 500 = 2,45,000 ஜூல்.

இது 59 கலோரிக்கும் குறைவு! ஆனால் தசைகளின் திறன் ஏறத்தாழ 20 விழுக்காடுதான், மீதி வெப்பமாகிறது. எனவே இதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது சுமார் 293 கலோரி செலவாகும். 5 கிராம் எண்ணெய் கொள்ளும் தேக்கரண்டியில் 45 கலோரி உள்ளது. ஆகவே அவ்வளவு உயரம் ஏறிய உழைப்பும் ஆறரைத் தேக்கரண்டி எண்ணெயும் சமம். உடற்பயிற்சி இதயத்துக்கும் தசைக்கும் நல்லது. ஆயினும் எடை குறைய, தாளிக்கும் கரண்டியையும் கவனிக்க வேண்டும்.

அரிசிக்குப் பதிலாக மலையில் விளையும் சாமையை உண்டால் போதுமா? இரண்டிலும் 100 கிராமுக்குச் சுமார் 350 கலோரிதான். தவிடு நீக்காத சாமையில் நார்ச்சத்து மிகுதி. விரைவில் வயிறு நிறையும். அளவின்றி உண்டால் சாமையும் எடையைக் கூட்டும்.

கீரையும் பூசணியும் பெரும்பாலும் நீரே. எனவே தட்டு நிறைந்தாலும் கலோரி குறைவு. இங்கேதான் குடும்பச் சமையலுக்கு வழி பிறக்கிறது. உலை ஒன்றே, குழம்பும் ஒன்றே. எடை குறைக்க விரும்பும் தந்தை சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, கீரையையும் பருப்பையும் கூடுதலாகப் போட்டுக் கொள்ளலாம். வளரும் மகன் வழக்கம்போல உண்ணலாம். எண்ணெயைக் குறைத்துத் தாளித்தால் பெரியவர்கள் எல்லோருக்கும் நன்மை. 1918இல் குன்னூரில் தொடங்கி, 1958இல் ஐதராபாத்துக்கு மாறிய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், நாளைய ஆற்றலில் தானியத்தின் பங்கு 45 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்கிறது.

நாளொன்றுக்கு 250 கலோரி குறைத்தால் என்ன ஆகும்? ஒரு கிலோகிராம் உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி உள்ளது. 7,700 ÷ 250 = ஏறத்தாழ 31 நாள். உடல் மெலிய மெலியச் செலவும் குறைவதால், போகப்போக இதைவிட மெதுவாகவே எடை இறங்கும். பட்டினி கிடந்து விரைவாகக் குறைக்க முயல்வது தசையையும் கரைத்துவிடும்.

மாணவர்களே, ஓர் எச்சரிக்கை. வளரும் பருவத்தில் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைக்காதீர்கள். நீரிழிவுக்கு மருந்து உண்பவர்களும் திடீரென்று சோற்றைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை அளவு மீறித் தாழலாம். அவர்களும் மருத்துவரைக் கேட்பதே முறை.

செய்து பாருங்கள்: உங்கள் வீட்டில் ஒரு மாதம் செலவாகும் எண்ணெயைக் கிராமில் குறித்து, 30ஆலும் வீட்டில் உள்ளோர் எண்ணிக்கையாலும் வகுத்து, 9ஆல் பெருக்குங்கள். ஒருவர் நாள்தோறும் எண்ணெயிலிருந்து மட்டும் பெறும் கலோரி கிடைக்கும்.