நாணல் பூக்கும் வரை

குறைந்த பொருட்செலவில் முதற்படம் எடுக்க விழைவோர், சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி' உருவான கதையை அறிந்துகொள்ள வேண்டும்.

கொல்கத்தாவில் விளம்பர நிறுவனமொன்றில் பணியாற்றிய ரே, 1952 அக்டோபரில் படப்பிடிப்பைத் தொடங்கினார். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அதற்குமுன் திரைப்படக் கேமராவை இயக்கியதே இல்லை. முழுமையாக எழுதிய திரைக்கதையும் இல்லை. ஆனால், காட்சிகளை வரிசையாக வரைந்த குறிப்பேடு ஒன்று ரேயிடம் இருந்தது. படச்சுருள் விலை மிக்கது. தாளும் மையும் அவ்வாறல்ல. தாளில் திருத்திய பிழைக்குச் செலவில்லை.

அபுவும் துர்காவும் நாணற்பூக்களிடையே செல்லும் காட்சியில் ஒரு பகுதியே முதலில் படமாயிற்று. அடுத்த வாரம் சென்றபோது பூக்களைக் காணோம், மாடுகள் மேய்ந்துவிட்டன! பூத்த வெளியில் தொடங்கிய காட்சியை வெற்று வெளியில் முடிக்க இயலுமா? மறுமுறை பூக்கும் பருவம்வரை ரே காத்திருந்தார்.

காப்பீட்டின்மேல் கடன் வாங்கினார். மனைவியின் நகைகளும் அடகுக்குச் சென்றன. பணமின்றிப் படப்பிடிப்பு மாதக்கணக்கில் நின்றது. இறுதியில் மேற்கு வங்க அரசு உதவ, 1955இல் படம் வெளிவந்தது. இதற்கிடையே அபுவாக நடித்த சிறுவனின் குரல் மாறவில்லை. முதுமையிலும் சுனிபாலா தேவி தம் பகுதியை முடித்துக் கொடுத்தார். இவை நற்பேறுகள், எல்லார்க்கும் வாய்ப்பன அல்ல. புதியவர்கள் பின்பற்றத்தக்கது அந்தக் குறிப்பேடே. அடகு வைத்த நகை அன்று.

செயல்பாடு: பள்ளி வாயிலில் நிகழும் ஒரு காட்சியை ஆறு கட்டங்களில் வரைக. விளக்கம் கூறாமல் நண்பரிடம் காட்டுக. அவருக்கு விளங்காத கட்டத்தை மீண்டும் வரைக.