புதிய குடியிருப்புகளும் ஊர் என்னும் உணர்வும்

நகர விரிவாக்கத் திட்டங்களில் கட்டி முடிக்கப்பட்ட வீடுகளின் எண்ணிக்கையே பெரும்பாலும் சாதனையின் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. ஆயினும், வீடுகளின் தொகுப்பு மட்டுமே ஊராகிவிடாது. அங்கு வசிப்போர் அதனை 'எங்கள் பேட்டை' என்று உரிமையுடன் கூறும் நிலை ஏற்பட வேண்டும். இந்நிலை எவ்வாறு உருவாகிறது என்பதைச் சென்னையின் மூன்று பகுதிகளைக் கொண்டு ஆராயலாம்.

தியாகராய நகர்

1920களில் மாம்பலம் ஏரிப் பரப்பைத் தூர்த்து இந்நகர் அமைக்கப்பட்டது. பனகல் பூங்காவை மையமாகக் கொண்டு சாலைகள் வகுக்கப்பட்டன. ஒருபுறம் மாம்பலம் ரயில் நிலையமும் ரங்கநாதன் தெருவும், மறுபுறம் பாண்டி பஜாரும் வளர்ந்தன. வீடு, கடை, பள்ளி, பூங்கா ஆகியவை நடந்து செல்லும் தொலைவில் அமைந்தமையால், அன்றாடத் தேவைகளே மக்களைப் பொது இடங்களில் சந்திக்க வைத்தன. 2019ஆம் ஆண்டில் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது, நடப்போருக்குரிய இடத்தை மீட்கும் முயற்சியாகும். ஏரியை இழந்ததன் விலையையும் மறக்கலாகாது. மழைக்காலத்தில் தெருக்களில் தேங்கும் நீர் அதனை நினைவூட்டுகிறது.

அண்ணா நகர்

1968ஆம் ஆண்டின் உலக வர்த்தகப் பொருட்காட்சிக்காக எழுப்பப்பட்ட கோபுரம், பின்னர் பூங்காவுடன் இப்பகுதியின் அடையாளமாயிற்று. இங்குப் பல சாலைகளுக்கு எண்களே பெயராக இடப்பட்டன. எனினும், 'ரவுண்டானா', 'டவர் பார்க்' என மக்கள் தாமே வழங்கிய பெயர்கள் நிலைத்துவிட்டன. மக்கள் கூடும் இடங்களே பெயர் பெறுகின்றன என்பது இதனால் விளங்கும்.

கண்ணகி நகர்

துரைப்பாக்கத்தை அடுத்த கண்ணகி நகரில் 2000ஆம் ஆண்டு முதல் ஆற்றங்கரைகளிலும் பிற இடங்களிலும் வசித்த குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. ஆனால், பலருக்குப் பழைய வேலைத்தலம் எட்டாத தொலைவாயிற்று. பேருந்துக் கட்டணமும் பயண நேரமும் வருவாயைக் குறைத்தன. தரைத்தள வீடுகளில் மக்களே சிறு கடைகளைத் திறந்தனர். திட்டம் வழங்கத் தவறிய கலப்புப் பயன்பாட்டை அவர்கள் தாமே உருவாக்கிக் கொண்டனர் எனலாம். 2020ஆம் ஆண்டில் சுவர்களில் தீட்டப்பட்ட பெரிய ஓவியங்கள் இப்பகுதிக்குப் புதிய அறிமுகத்தைத் தந்தன. எனினும், அருகில் வேலைவாய்ப்பு இல்லாத குறையை ஓவியம் ஈடுசெய்ய இயலாது.

திட்டமிடுவோர் கருத்திற்கு

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். முதலாவதாக, கடை, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிறுத்தம் ஆகியவை குடியேற்றத்துக்கு முன்பே அமைதல் வேண்டும். இரண்டாவதாக, சிறு வணிகத்துக்கும் கைத்தொழிலுக்கும் தரைத்தளத்தில் குறைந்த வாடகையில் இடம் ஒதுக்குதல் இன்றியமையாதது. மூன்றாவதாக, அந்நிலத்தில் முன்பிருந்த ஏரி, மரம், வழிபாட்டிடம், பழைய ஊர்ப்பெயர் ஆகியவற்றை இயன்றவரை காத்தல் வேண்டும்.

இவற்றுக்கு ஆகும் செலவு வீட்டுச் செலவின் ஒரு பகுதியாகவே திட்ட மதிப்பீட்டில் சேர்க்கப்பட வேண்டும். அவ்வாறு செய்யாவிடில், அச்செலவு பயணமாகவும் வருவாய் இழப்பாகவும் குடியேறியவர்கள் மீதே விழும்.