அடுகோடித் தண்ணீர் எங்கே போகிறது?

நம் மன்றத்து நண்பர் சிலர் என்னைக் காணும்போதெல்லாம், "ஊர்ப் பெயரும் ஆற்றுப் பெயரும் ஒப்பிப்பதுதானே உங்கள் படிப்பு?" என்று கேட்பதுண்டு. பள்ளியில் 'பூகோளம்' என்ற பெயரால் நமக்கு வாய்த்த பாடம் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. ஆகையால் அவர்களை நான் நொந்துகொள்வதில்லை. ஆயினும், சென்ற மழைக்காலத்தில் எங்கள் புவியியல் துறையினர் அடுகோடியில் நடத்திய களப்பணியில் நான் செய்த ஒரு பிழையையும், அது திருத்தப்பெற்ற விதத்தையும் எடுத்துச் சொன்னால், இப்படிப்பு எத்தகையது என்பது ஒருவாறு விளங்கும் என நம்புகிறேன்.

களப்பணி என்பது யாது?

நூலில் கற்றதை நிலத்தில் நின்று சரிபார்த்தலே களப்பணி. நூல் ஒன்று சொல்லி, நிலம் வேறொன்று சொன்னால், நிலத்தின் சொல்லையே ஏற்க வேண்டும். இதுவே அதன் முதல் விதியும் முடிந்த விதியும் ஆகும்.

இது நம் நாட்டுக்குப் புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் சிலேட்டர் 1916-இல் தம் மாணவர்களிடம் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, ஊர்களுக்குச் சென்று விசாரித்து எழுதிவரச் செய்தார். அவர்கள் எழுதியவை 1918-இல் நூலாக வெளிவந்தன. அவ்வூர்களுள் ஒன்று, தென்பெண்ணை பாயும் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த இருவேல்பட்டு. அவ்வூருக்கு 2008 வரை ஆய்வாளர்கள் மீண்டும் மீண்டும் சென்று, மாறியது எது, மாறாதது எது என்று ஒப்புநோக்கியிருக்கிறார்கள். மாணவர் சிலர் உண்மையாக எழுதிவைத்த குறிப்பு தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னும் பயன்பட்டது என்றால், அதனினும் பெரிய பாராட்டு ஏது? பிரிட்டனிலும் 1930-களில் டட்லி ஸ்டாம்ப் நடத்திய நிலப்பயன் அளவையில், பள்ளிப் பிள்ளைகளே நிலப்படத்தைக் கையில் ஏந்தி, எது வயல், எது தோப்பு, எது தரிசு என்று குறித்தார்கள்.

ஏன் அடுகோடி?

ஓசூர்ச் சாலையில் பேருந்தில் போகிறவர்க்கு அடுகோடி ஒரு நெரிசல், அவ்வளவே. நடந்து பார்த்தால் ஒரு நூற்றாண்டின் வரலாறே அங்கே கிடக்கிறது. 1923-இல் பெங்களூரில் கால்நடை, பால்பண்ணைக் கல்விக்கென ஒரு நிலையம் தோன்றியது. 1927-இல் காந்தியடிகள் அங்கே வந்து கால்நடை வளர்ப்பைக் கற்றார். 1955-இல் அதன் தலைமையகம் கர்னாலுக்குப் போயிற்று. தென்மண்டல நிலையம் அடுகோடியில் நிற்கிறது. 1951-இல் தொடங்கப்பெற்ற மைக்கோ நிறுவனம் இவ்விடத்தைத் தொழிற்சாலை ஊராக்கியது. இன்று பாஷ் என வழங்கும் அந்நிறுவனத்தின் வளாகம், 2022 முதல் கணினிப் பணியாளர்க்கான தொழில்நுட்ப வளாகமாகத் திகழ்கிறது. புல், இரும்பு, மென்பொருள் என்று ஒரே ஊரின் நிலம் மூன்று தொழிலுக்கு இடம் கொடுத்திருக்கிறது. நிலப்பயன் என்ற பாடத்துக்கு இதனைவிட நல்ல எடுத்துக்காட்டு அருகில் இல்லை.

நாங்கள் நால்வர் ஒரு குழு. ஒருவர்க்குக் கன்னடம், ஒருவர்க்குத் தெலுங்கு, ஒருவர்க்கு உருது, எனக்குத் தமிழ். ஆகவே எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் பேச ஆள் உண்டு. காலை ஏழு மணிக்கு இட்லிக் கடை. எட்டு மணிக்கு அளவு நாடா. குடியிருப்புச் சந்து ஒன்றின் வடிகால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று படம் வரைந்து தருவதே எங்கள் பங்கு.

என் பிழை

இதற்கு நடப்பானேன் என்று எண்ணினேன். இந்திய நில அளவைத் துறையின் 57 எச்/9 எண்ணுள்ள தாளில் அடுகோடி இருக்கிறது. விடுதி அறையில் அத்தாளை விரித்தேன். பெங்களூர் காவிரித் தண்ணீரைக் குடிக்கும் ஊர். ஆகவே அதன் கழிவும் காவிரிக்கே திரும்பும் என்று மனத்துள் முடிவு கட்டி, மேற்கு நோக்கி ஓர் அம்புக்குறி இட்டேன். அத்தோடு நில்லாமல், கன்னடத்தில் 'கோடி' என்றால் ஏரி நிறைந்து வழியும் இடம் என்று கேட்டிருந்ததால், அடுகோடியின் பெயர்க் காரணமும் அதுவே என்று ஒரு பத்தி எழுதிச் சேர்த்தேன்.

பேராசிரியர் படித்தார். "இந்தக் கோடிக்கு ஏரி எங்கே? கரை எங்கே? ஆவணம் உண்டா?" என்றார். நான் விழித்தேன். "பெயரின் ஓசை சான்று ஆகாது, தம்பி" என்று அந்தப் பத்தியை அடித்துவிட்டார். பிறகு அம்புக்குறியின் மேல் விரலை வைத்து, "இதைத் தெருவில் யாரிடமாவது காட்டினாயா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

மறுநாள் அந்தச் சந்தில், வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு பாட்டியிடம் போய் நின்றேன்.

"பாட்டி, மழை பெய்தால் இங்கே தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?"

"எந்தப் பக்கமா? இதோ பாரு தம்பி" என்று எழுந்து, தம் வீட்டுச் சுவரைக் காட்டினார். முழங்கால் உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு. "மேல் தெருத் தண்ணி எல்லாம் இங்க வந்துதான் முட்டும். அப்புறம் அந்தாண்ட கோரமங்கலம் பக்கம் இறங்கும். நாங்க கட்டிலு மேல உக்காந்துக்குவோம். உங்க படத்துல இது இல்லையா?"

இல்லை, நண்பர்களே! என் படத்தில் அவர் வீட்டுத் தண்ணீர் சுவரை விட்டு எதிர்த்திசையில் மேட்டின்மேல் ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் படத்தை நம்பி யாரேனும் வடிகால் அமைத்தால், அந்தப் பாட்டி இன்னும் எத்தனை மழைக்குக் கட்டிலின்மேல் உட்கார வேண்டியிருக்கும்?

அளந்து அறிதல்

பாட்டி சொன்னதையும் அளந்து பார்க்க வேண்டுமன்றோ? அதற்கு டம்பி லெவல் என்ற கருவி உண்டு. முக்காலியின்மேல் மட்டமாக நிறுத்திய ஒரு தொலைநோக்கி; எதிரே, அளவுகள் பொறித்த ஒரு நெடுங்கோல். கருவியின் பார்வைக்கோடு கிடைமட்டமாக இருப்பதால், கோல் நிற்கும் இடம் தாழத் தாழ அதில் தெரியும் எண் பெரிதாகும். எங்களுக்குச் சந்தின் மேற்கு முனையில் 1.215 மீட்டரும், 30 மீட்டர் தள்ளிக் கிழக்கே பாட்டியின் வாசலில் 1.640 மீட்டரும் கிடைத்தன. வேறுபாடு 0.425 மீட்டர், ஏறத்தாழ 70 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு. சரிவு கிழக்கே!

"செல்பேசியே உயரம் காட்டுமே?" என்பீர்கள். செல்பேசி காட்டும் உயரத்தில் சில மீட்டர் பிழை வரலாம். நாங்கள் தேடியதோ அரை மீட்டருக்கும் குறைவு. நில அளவைத் தாளின் சம உயரக் கோடுகளும் 20 மீட்டர் இடைவெளியில் வரையப்பட்டவை. ஒரு பாட்டியின் வாசற்படி அந்த இரு கோடுகளுக்கு நடுவே மறைந்துபோகும். தாள் பொய் சொல்லவில்லை. அது சொல்லாததை நான் என் ஊகத்தால் நிரப்பியதே பிழை.

சந்திலிருந்து கடல் வரை

அம்புக்குறியைத் திருப்பிய பிறகுதான் முழுப் பாடமும் எனக்கு விளங்கிற்று. பெங்களூர் ஒரு மேட்டின்மேல் அமைந்த நகரம். ஏறத்தாழ 920 மீட்டர் உயரம். மேட்டின் மேற்கே விழும் நீர் விருஷபாவதி வழியாக அர்க்காவதியில் கலந்து, காவிரியை அடைகிறது. கிழக்கே விழும் நீர் ஹெப்பால் பள்ளத்தாக்கு, கோரமங்கலம்-சல்லகட்டா பள்ளத்தாக்கு ஆகியவற்றின் வழியே தென்பெண்ணைக்குப் போகிறது. அடுகோடி இரண்டாம் பக்கத்தைச் சேர்ந்தது. அதன் நீர் கன்னடத்தார் 'ராஜகாலுவே' என்று வழங்கும் பெருங்கால்வாய்களில் இறங்கி, பெல்லந்தூர் ஏரி, வர்த்தூர் ஏரி எனக் கடந்து செல்கிறது. 2015-இலும் 2017-இலும் நுரையும் கழிவும் மண்டித் தீப்பிடித்ததாக நாடெங்கும் பேசப்பட்டது அந்தப் பெல்லந்தூர் ஏரிதான். அப்பால் தென்பெண்ணையில் சேர்ந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணை, பின் கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை. கடைசியில் கடலூர் அருகே வங்கக்கடல்.

இதில் ஒரு வியப்பு உண்டு. காவிரி நீரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, 500 மீட்டர் அளவு உயரம் ஏற்றிப் பெங்களூருக்குக் கொண்டுவருகிறார்கள். அதில் ஒரு பகுதி அடுகோடியில் பாத்திரம் கழுவி, துணி துவைத்து, தென்பெண்ணைப் பக்கம் இறங்குகிறது. ஓர் ஆற்றின் நீர் மற்றோர் ஆற்றின் படுகைக்கு மாறுகிறது. நடுவில் நிற்பது நம் வீட்டுக் குழாய். 2018 முதல் இப்பள்ளத்தாக்கின் கழிவுநீரில் ஒரு பகுதியைச் சுத்திகரித்துக் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். ஆகவே கணக்கு ஆண்டுக்கு ஆண்டு மாறும். பழைய படத்தை வைத்துக்கொண்டு இன்று பேச இயலாது.

என் ஊர் காவேரிப்பட்டினம். கிருஷ்ணகிரி அணைக்குக் கீழே, தென்பெண்ணைக் கரையில் உள்ளது. அணைக் கால்வாயில் பாயும் நீரில்தான் என் தந்தையார் நெல் பயிரிடுகிறார். ஆற்றில் நுரை வந்தது என்ற செய்தி கேட்கும்போதெல்லாம், "பெங்களூர்க்காரன் அனுப்புகிறான்" என்று எங்கள் வீட்டில் வைவோம், நானும் வைதிருக்கிறேன். அன்று மாலை அடுகோடியிலிருந்து திரும்பி, வெயிலில் அலைந்த சட்டையைச் சோப்புப் போட்டுத் துவைக்கும்போது கை நின்றுவிட்டது. எங்கள் விடுதியும் மேட்டின் கிழக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஓடுவது என் தந்தையாரின் வயலை நோக்கி. இங்கே பெங்களூர்க்காரன் நானேயன்றோ?

அடுத்த வாரம் ஊருக்குத் தொலைபேசியில் பேசினேன். "அப்பா, இனி வையும்போது என்னையும் சேர்த்து வையுங்கள்" என்றேன். "ஏண்டா, என்ன செஞ்ச?" என்றார். படம் வரைந்ததைச் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்து, "அந்தப் படத்தை லீவுக்கு வரும்போது எடுத்துட்டு வா. ஊரில நாலு பேருக்குக் காட்டணும்" என்றார்.

முடிவாகச் சில சொற்கள்

களப்பணிக்குப் போக விரும்பும் இளைய நண்பர்களுக்கு மூன்று செய்திகள். முதலாவது, கண்டதை வேறாகவும், கேட்டதை வேறாகவும், ஊகித்ததை வேறாகவும் எழுதுங்கள். மூன்றும் ஒரே மையில் கலந்தால் பிரிக்க இயலாது. இரண்டாவது, அவ்விடத்தில் வாழ்பவரைக் கேளுங்கள். பிறகு அளந்து பாருங்கள். மூன்றாவது, பிழையான அம்புக்குறியை அழிப்பான் கொண்டு அழிக்காதீர்கள். ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் சரியானதை இடுங்கள். என் கள ஏட்டில் மேற்கு நோக்கிய அந்த அம்பு இன்னும் இருக்கிறது.

வரும் மழைக்கு முன் அந்தச் சந்தின் படத்தை முடித்து வார்டு அலுவலகத்தில் கொடுக்க எண்ணியிருக்கிறோம். ஞாயிறு காலையில் கோல் பிடிக்க ஓர் ஆள் குறைகிறது. ஆற்றுப் பெயர் ஒப்பிக்கும் படிப்பு என்று நகைத்த நண்பர்கள் வந்தால் மகிழ்வேன். இட்லிச் செலவு என்னுடையது.