ஈறு கறுப்பா, புள்ளி கறுப்பா?

லேசரால் ஈறை வெளுத்துத் தரும் பல் கிளினிக்குகள் தி.நகரிலும் அடையாறிலும் உண்டு. பணம் கட்டுமுன் கண்ணாடியில் வாயைப் பாருங்கள். இருபுறமும் ஒரே மாதிரி, சிறுவயது முதலே இருக்கும் கருமை நம் தோலின் நிறம்தான், நோயல்ல. அதை விட்டுவிடலாம் என்பது என் கட்சி. வெளுத்தாலும் நாளடைவில் பலருக்குத் திரும்பிவிடும்.

ஒற்றைப் புள்ளி அப்படியல்ல. பழைய சில்வர் அடைப்புக்குப் பக்கத்து ஈறில் சாம்பல் நீலமாக இருந்தால் உலோகத் துகள் உள்ளே புகுந்திருக்கலாம். முதலில் எக்ஸ்ரே. வெள்ளைத் துகள்கள் தெரிந்தால் பெரும்பாலும் கத்தி வேண்டாம். தெரியாவிட்டாலும் துகள் இல்லை என்று ஆகிவிடாது, மிக நுண்ணியதாக இருக்கலாம். சந்தேகம் தீர, திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிதான். அழுத்தினால் வெளிறும் நீலப் புடைப்பு ரத்தக்குழாய் சம்பந்தப்பட்டது. அவசரப்பட்டு வெட்டினால் ரத்தம் எளிதில் நிற்காமல் போகலாம்.

பல இடங்களில் புதிதாகப் பரவும் கருமைக்கு உங்கள் மருந்துச்சீட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மூட்டுவாதத்துக்கான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், முகப்பருவுக்கான மினோசைக்ளின் இரண்டும் வாயைக் கறுக்க வைக்கக்கூடும். சிகரெட்டும்தான், நிறுத்தினால் மெல்ல மங்கும். கூடவே சோர்வும் எடைக்குறைவும், எழுந்து நின்றால் தலைசுற்றலும் இருந்தால், பல் டாக்டரை விட்டுப் பொது மருத்துவரிடம் போங்கள். அட்ரினல் சுரப்பி பழுதாகும் அடிசன் நோயாக இருக்கலாம். நம் நாட்டில் காசநோயும் அதற்கு ஒரு காரணம். காலையில் எடுக்கும் கார்டிசால் ரத்தப் பரிசோதனையில் தொடங்குவார்கள்.

மேலண்ணத்திலோ மேல் ஈறிலோ கரும்புள்ளி புதிதாக வந்து, விளிம்பு கோணலாகி வளர்ந்தால் பயாப்ஸியைத் தள்ளிப்போடக் கூடாது. மெலனோமா என்ற நிறமிப் புற்றுநோய் அரிது, ஆனால் வாய்க்குள் அது அதிகம் வருவது இந்த இரண்டு இடங்களில்தான். லேசரில் சுட்டுவிட்டால் சோதிக்கத் திசு மிஞ்சாது. (பாக்கு, புகையிலை போடுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய கவலை வெள்ளை, சிவப்புத் திட்டுகள்.)

மயிலாப்பூர்க்காரர்கள் பறக்கும் ரயிலில் கோட்டை நிலையத்தில் இறங்கினால் எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி. எக்ஸ்ரேயும் திசு ஆய்வும் ஒரே இடத்தில் கிடைக்கும், காலையிலேயே போய்விடுங்கள். சந்தேகம் வலுத்தால் 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. பக்கத்துக் கிளினிக்கிலேயே வெட்டுவதானால், திசு எந்த ஆய்வகத்துக்குப் போகிறது, அதைப் பார்ப்பவர் வாய் நோய்க்கூறியல் படித்தவரா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.